பொறுப்பு அலுவலர் என்று போட்ட கையெழுத்து

இதை எழுத எனக்கு ஆறு வருடம் ஆயிற்று. எழுதத் தெரியாமல் இல்லை. பத்தாவது முடித்து டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன் நான். ஊரார் மனுக்களை வருடக்கணக்கில் தட்டிக் கொடுத்திருக்கிறேன். என் விஷயம் என்று உட்காரும்போது மட்டும் கை ஓடவில்லை. ஒவ்வொரு ஆடி வெள்ளிக்கும், இந்த வருடம் எழுதிவிடுகிறேன் தாயே என்று சொல்லிவிட்டு வருவேன். ஆடி போய் ஆவணி வரும். காகிதம் அப்படியே இருக்கும்.

இதில் ஒரு விஷயம் என் மனைவிக்கே தெரியாமல் வைத்திருந்தேன். போன மாதம் அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காபியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, "எழுதுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறோம். தி.நகரில் ஒரு ஆடிட்டரிடம் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். அவரிடம் வருகிற கம்பெனிகளுக்கு லைசென்ஸ், வரி ரசீது, மின் இணைப்பு என்று ஆயிரம் காகிதம் வேண்டியிருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு அரசு அலுவலகங்களுக்கு அலைவது என் பாடு. எங்கள் வட்டத்தில் இதை லைசன் வேலை என்பார்கள். எந்தப் பிரிவில் யாரைப் பார்க்க வேண்டும், எந்த மேஜையில் கோப்பு தூங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எனக்கென்று ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் நகலில் தபால் பிரிவின் முத்திரையை வாங்காமல் வாசலைத் தாண்ட மாட்டேன். முத்திரை இல்லையென்றால் கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லை.

ஆடிட்டர் மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. நான்கு மாதம் சும்மா இருந்தேன். கல்லூரி கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் ஒருநாள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா, நீங்க செய்யுற வேலைக்கு இங்கிலீஷ்ல பெரிய பேர் இருக்குப்பா. கவர்ன்மென்ட் அஃபேர்ஸ் மேனேஜர்" என்றாள்.

"அவ்வளவு பெரிய பேருக்கு நான் எங்கேம்மா போவேன்?"

"பேர் தான் பெருசு. உள்ள போட்டிருக்கிறதெல்லாம் நீங்க பண்ற அதே அலைச்சல் தான்."

பத்துப் பதினைந்து இடங்களுக்கு அவளே விண்ணப்பம் அனுப்பினாள். எல்லா இடத்திலும் பட்டப்படிப்பு கேட்டார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை.

அலுவலக வாசல்களில் என்னோடு சுற்றிய நண்பன் ஒருவன் இருந்தான். ரெக்சின் பையும் வாயில் பாக்குமாகத் திரிகிறவன். டீக்கடையில் அவனைப் பார்த்தேன்.

"இன்னா தலைவா, மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

"வேலை கிடைக்கலப்பா."

"தி.நகர்ல ஒரு பார்ட்டி ஆள் தேடிக்கினு கீறாங்கோ. லேடீஸ் ஹாஸ்டல் நாலு அஞ்சு வச்சிக்கீறாங்கோ. நம்ம லைன் தான். சேரு, ஏசி, பேர் போட்ட கார்டு எல்லாம் கீது. நான் போனேன், வாணாண்ட்டாங்கோ."

"உன்னையே வேணாம்னா என்னை எப்படி எடுப்பாங்க?"

"என் பேர்ல ஒரு கேஸ் கீதே. அவங்களுக்கு சுத்தமான ஆளு வேணுமாம். நெத்தி நிறைய விபூதி பூசிக்கினு போய் நில்லு நைனா. உட்கார வச்சி பூ போட்டு கும்புடுவாங்கோ." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன்.

நேர்முகத்தில் என்னைக் கேள்வி கேட்டவர் அந்தக் கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி. முப்பத்தைந்து வயதிருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். தீயணைப்புச் சான்று, கட்டட உரிமம் பற்றியெல்லாம் கேட்பார் என்று முதல் நாள் முழுக்கப் படித்துவிட்டுப் போயிருந்தேன். அவர் அதில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

"எத்தனை வருஷமா ஒரே வீட்டுல இருக்கீங்க சார்?"

"இருபத்திரண்டு வருஷம்."

"போலீஸ், கோர்ட்டு எதுலயும் பேர் அடிபட்டதில்லையே?"

"இல்லைங்க."

"உடம்புக்கு?"

"அம்மன் புண்ணியத்துல ஒண்ணும் இல்லை."

நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் ஒரு டிக் போட்டார். மகள் எங்கே படிக்கிறாள் என்று கேட்டு, கல்லூரிப் பெயரையும் எழுதிக்கொண்டார். கடைசியில், "ஒரு இடத்துல கையெழுத்து போட்டா பின்வாங்க மாட்டீங்க இல்ல சார்?" என்றார். என் நேர்மையைக் கேட்கிறார் என்று நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அங்கேயே வேலை உறுதி என்றார்கள். படியிறங்கும்போதே மகளுக்கு போன் செய்து சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சேரச் சொல்லியிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்தேன். பத்தேகாலுக்குத்தான் அந்த அதிகாரி ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார்.

"சார், பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குது. உங்களுக்கு அதெல்லாம் முக்கியம்னு தெரியும். அதுக்குள்ள முடிச்சிடலாமா?"

எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்ன பெருக்கல் குறி போட்டிருந்தது. முதல் இரண்டு தாள்களைப் படித்தேன். வேலை உத்தரவு, விடுமுறை விதிகள். அதற்குள் பத்து இருபத்திரண்டு. மிச்சத்தைப் படிக்காமலே போட்டுக்கொண்டு போனேன். கடைசி மூன்று தாளில், "தேதி மட்டும் போடாதீங்க சார், நாங்க போட்டுக்கறோம்" என்றார். அடுத்தவர் காகிதத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற நான், என் பெயர் போட்ட காகிதத்தைத் தேதியில்லாமல் கொடுத்தேன். பத்து இருபத்தெட்டுக்கு முடிந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

எனக்குக் கொடுத்த மேஜையின் டிராயரைத் திறந்தால் முன்பிருந்தவரின் பெயர் அட்டைகள் ஒரு கட்டு. அதே பதவி, வேறு பெயர். பக்கத்தில் ஒரு படிக்கிற கண்ணாடி. ரத்த அழுத்த மாத்திரை பாதி அட்டை. வேலையை விட்டுப் போகிறவன் மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டா போவான்?

"இவர் எங்க போனாரு?" என்று அலுவலகப் பெண்ணிடம் கேட்டேன்.

"அவர் இப்ப வர்றதில்ல சார்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. டிராயரை மூடி வைத்தேன்.

முதல் மூன்று வாரமும் என் வீட்டில் திருவிழா மாதிரி இருந்தது. வேலை உத்தரவை மனைவி கோயிலுக்கு எடுத்துப்போய் அம்பாள் பாதத்தில் வைத்து வாங்கி வந்து பூஜை அலமாரியில் வைத்தாள். மேனேஜர் என்று போட்ட அட்டையைப் பார்த்து உறவில் ஒரு நல்ல இடத்திலிருந்து மகளைப் பெண் கேட்டார்கள். பேசி முடித்து, நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்துவிட்டோம்.

மூன்றாவது வாரக் கடைசியில் மின்கட்டண ரசீது நகல்கள் வேண்டும் என்று வேளச்சேரி விடுதிக்கு அனுப்பினார்கள். நான்கு மாடி. எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள். பாதிப் பேர் இரவு வேலை முடித்துவிட்டுப் பகலில் தூங்குவார்கள். வார்டன் நொச்சிக்குப்பத்துப் பெண்மணி, கழுத்தில் சிலுவை போட்டிருந்தார். பழக்க தோஷத்தில் நான் கட்டடத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன்.

"பின்பக்கம் இன்னொரு படி இருக்கணுமே, எங்கம்மா?"

"அதோ, அந்தக் கதவு கீதே. அது ரூம்பு ஆயி மூணு வருசம் ஆவுது சார். உடைஞ்ச கட்டிலு, மெத்தை எல்லாம் மேல வரைக்கும் அடுக்கிக்கீது."

"திறங்க, பார்க்கலாம்."

"பூட்டு கீதே, பாக்கல? சாவி ஹெட்டாபீஸ்ல கீது. எதுக்குயா பூட்டி வச்சிக்கினு கீறீங்கோன்னு கேட்டா, பொண்ணுங்க பின்பக்கமா ஓடிப்பூடும்னு சொல்றாங்கோ. ஓடுறவ முன்பக்கமா ஓட மாட்டாளா? நீ மேனேஜருதான, நீ கேளு."

கேட்டேன். அந்த அதிகாரி குரல் மாறாமல், "அது பழைய விஷயம் சார். ஃபைல் எல்லாம் க்ளியரா இருக்கு. நீங்க கவலைப்படாதீங்க" என்றார். இரண்டு படிக்கட்டு இல்லாத விடுதியின் கோப்பு எப்படி க்ளியராக இருக்கும்? மறுநாள் அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே தபால் பிரிவில் இருந்த அம்மாவுக்கு என்னைப் பல வருடமாகத் தெரியும்.

"மேனேஜர் ஆயிட்டீங்களாமே. எங்களுக்கு ஒரு ஸ்வீட் கூட இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே கோப்பை எடுத்துப் பிரித்தார். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? நீங்க போட்டது தானே?"

என் கையெழுத்துத்தான். கீழே 'பொறுப்பு அலுவலர்' என்று அச்சடித்திருந்தது. "மேற்படி விடுதியின் இரண்டு படிக்கட்டுகளையும் நான் நேரில் பார்வையிட்டேன். இரண்டும் தடையின்றித் திறந்து பயன்பாட்டில் உள்ளன. மாறாக ஏதேனும் நேர்ந்தால் முழுப் பொறுப்பும் என்னை மட்டுமே சாரும் என உறுதியளிக்கிறேன்." தேதி, நான் சேர்ந்த வெள்ளிக்கு அடுத்த திங்கள். அந்தத் திங்கள்கிழமை நான் வேளச்சேரிப் பக்கமே போகவில்லை.

அந்த அம்மா என்னவோ பேசிக்கொண்டிருந்தார். என் காதில் விழவில்லை. என்னை எதற்கு வேலைக்கு எடுத்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அன்று மதியமே ஒரு ஜாப் டைப்பிங் கடையில் உட்கார்ந்து நானே கடிதம் தட்டினேன். படி அடைத்திருக்கிறது, நான் பார்வையிடவில்லை, என் உறுதிமொழியைத் திரும்பப் பெறுகிறேன் என்று எட்டு வரி. இரண்டு பிரதி எடுத்தேன். அலுவலக வாசல் வரை போனேன். வாசலில் நின்று மனைவிக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"கொடுத்தா வேலை போயிடுமா?" என்றாள்.

"போயிடும். போலீசு, விசாரணைன்னு வந்தாலும் வரும்."

"நிச்சயத்துக்குப் பத்து நாள் தாங்க இருக்கு. அது முடிஞ்சதும் கொடுங்க. மூணு வருஷமா பூட்டிக் கிடக்கிற கதவு, பத்து நாள்ல என்ன ஆயிடப் போவுது?"

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் அந்தக் கதவைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

எனக்கும் பத்து நாள் வேண்டியிருந்தது. அதை எனக்கே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. அதனால் அம்மனைக் கேட்டுவிடலாம் என்று எங்கள் தெருமுனைக் கோயிலுக்குப் போனேன். ஒரு காரியத்தில் மனம் தடுமாறினால் நாங்கள் பூப்போட்டுப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சந்நிதியில் வைத்துக் கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் நாளைக்கே கடிதத்தைக் கொடுக்கிறேன், சிவப்பு வந்தால் காத்திருக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பூசாரி இரண்டையும் தட்டில் குலுக்கி அம்மன் முன்னால் வைத்துவிட்டு, வெளியே யாரோ கூப்பிட்டதற்குப் போனார்.

கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை. நந்தியாவட்டை.

நான் அதை மறுபடி மடித்தேன். இரண்டு பொட்டலத்தையும் நானே தட்டில் உருட்டினேன். அவசரத்தில் சரியாக வேண்டிக்கொள்ளவில்லை, மனசு ஒருமுகப்படவில்லை என்று என்னென்னவோ முணுமுணுத்தேன். மறுபடி எடுத்தேன். சிவப்பு அரளி வந்தது. பூசாரி திரும்பி வந்தபோது அதைத்தான் கையில் வைத்திருந்தேன். "என்ன சாமி வந்துச்சு?" என்றார். "சிவப்பு" என்றேன். வீட்டிலும் அதையே சொன்னேன். மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

பொட்டலம் எடுக்கத் தேவையே இல்லை. அந்தப் படியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அம்மனைக் கேட்டதே தப்பு. பதிலைக் கேட்டுவிட்டுத் திருப்பியது அதைவிடப் பெரிய தப்பு. இதைத்தான் ஆறு வருடம் மறைத்தேன்.

கடிதம் என் பையிலேயே இருந்தது. தினமும் அதைத் தொட்டுப் பார்ப்பேன். எட்டாம் நாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். தி.நகர் அலுவலகத்தில் என் மேஜை போன் அடித்தது. வார்டன் அம்மா.

"சார், கீழ மோட்டார் ரூம்புல ஒயரு பத்திக்கிச்சு. படியெல்லாம் புகை. மேல பதினோரு பொண்ணுங்க தூங்கிக்கினு கீதுங்கோ. சாவி எடுத்துக்கினு வா சார்."

சாவி எந்த மேஜையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அதிகாரியின் அறையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் ஓடிவந்து ஆட்டோவில் ஏறினேன். தி.நகரிலிருந்து வேளச்சேரி போகிற வழி முழுக்க என் வாயில் மந்திரம் ஒன்றும் வரவில்லை.

நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பக்கத்துக் கட்டட வேலை ஆட்களிடம் கடப்பாரை வாங்கி வார்டன் அம்மாவே பூட்டை உடைத்திருக்கிறார். பூட்டு உடைந்தும் கதவு திறக்கவில்லை. உள்ளே அடுக்கிய கட்டில்கள் சரிந்து கதவை முட்டிக்கொண்டிருந்தன. கதவையே பெயர்த்து, கட்டில்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுப் பத்துப் பேரை அந்த வழியாக இறக்கினார்கள். பதினோராவது பெண்ணால் அதுவரை பொறுக்க முடியவில்லை. இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து குதித்துவிட்டாள். இடுப்பும் வலது காலும் நொறுங்கின. இன்றும் அவள் ஊன்றுகோல் வைத்துத்தான் நடக்கிறாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊரிலிருந்து அவளுடைய அப்பா வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். அவர் நெற்றியிலும் விபூதி. கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒருத்தராவது வந்தீங்களேய்யா."

கையை விடுவித்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே நின்றுகொண்டு சொன்னேன். படி அடைத்திருந்தது எனக்குத் தெரியும், திறந்திருக்கிறது என்று எழுதின காகிதத்தில் என் கையெழுத்து இருக்கிறது என்று. அவர் கத்தவில்லை. கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். "உங்களுக்குப் பொண்ணு இருக்காய்யா?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தேன். போகும் வழியிலேயே அந்த எச்.ஆர். அதிகாரி போன் செய்தார். அதே தணிந்த குரல். "சார், ரெஸ்பான்சிபிள் ஆபீசர் நீங்க தான். உங்களை நம்பித்தானே நாங்க விட்டோம். மத்தபடி என்ன பேசறதுன்னாலும், உங்க பொண்ணு காலேஜ் போயிட்டு வர்ற பொண்ணு, யோசிச்சுப் பேசுங்க." அன்றிலிருந்து ஒரு வருடம், மகள் வீடு திரும்பும் வரை நான் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் நடக்கும் என்றே நின்றேன். நிச்சயதார்த்தம் நின்றுபோயிற்று. அவர்கள் காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

என் பையிலிருந்த கடிதத்தை வக்கீலிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல சீல் எங்க சார்?" என்றார். "சீல் இல்லாம இதை எப்ப தட்டினீங்கன்னு யாருக்குத் தெரியும்?" இதே வார்த்தையை எத்தனையோ பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

வழக்கு இன்னும் நடக்கிறது. கம்பெனிக்காரர்கள் வக்கீலை அனுப்புகிறார்கள், நான் நேரில் போய் நிற்கிறேன். ஒருமுறை நீதிமன்ற வராந்தாவில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்தவர். அதே கம்பெனியின் வேறொரு கட்டடத்துக்காக அவர் பெயரில் வேறொரு வழக்கு. "என் கண்ணாடி அந்த டிராயர்லயே இருக்கா சார்?" என்று கேட்டார். இருந்தது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

இப்போது உறவுக்காரர்கள் இந்தக் கதையைப் பல விதமாகச் சொல்கிறார்கள். நான் ஊழலை வெளியே கொண்டுவந்தேன் என்கிறார் ஒருவர். அம்மன் சிவப்புப் பூ கொடுத்துக் காக்க வைத்தாள், அதனால்தான் ஒரு உயிரும் போகவில்லை என்று கோயிலில் சொல்கிறார்கள். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நான் அங்கேயே வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தப் பெண் ஊன்றுகோலோடு நடக்கும்போது அதை அம்மனின் கருணை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அம்மன் சரியாகத்தான் சொன்னாள். நான்தான் மடித்து வைத்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொல்ல நினைத்தால் தாராளமாகச் சொல்லுங்கள். லைசன் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். போனில் அனுப்புவதானாலும் அனுப்புங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எனக்காக இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம், கேட்க நன்றாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்க வேண்டாம். படி அடைத்திருந்தது, எனக்குத் தெரியும், எட்டு நாள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். இந்த வரிசையிலேயே, இப்படியே சொல்லுங்கள்.